அந்தக் கேஷ் வேறு, இந்தக் கேஷ் வேறு

1

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்தேன். கிராமத்துத் தேவாலயம், வயதான ஒரு விதவை, வாரந்தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறாள். தன் பாவங்களைச் சொல்லும்போது 'வீனியல்' என்றொரு சொல்லைப் பயன்படுத்துகிறாள். எனக்கு அந்தச் சொல் தெரியும் என்று நினைத்தேன். அகராதியைத் திறக்கவில்லை. காசுக்காகச் செய்த பாவங்கள் என்று எழுதிவிட்டேன். கதை ஓர் இதழில் வந்தது. நான்கைந்து பேர் பாராட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து வாசகி ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். "அண்ணா, அந்தப் பாட்டி அப்படி என்ன விற்றாள்? கதையில எங்கேயுமே வரலியே. அது அற்பப் பாவம்தானே? ஞானோபதேச வகுப்புல சாவான பாவம், அற்பப் பாவம்னு ரெண்டு சொல்லிக்கொடுப்பாங்க." அவ்வளவுதான் கடிதம். அகராதியை அப்போதுதான் திறந்தேன்.

'வீனல்' என்பது விலைக்குப் போகிற ஆளைக் குறிக்கும். விற்பனை என்று பொருள்படும் 'வேனும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'வீனியல்' என்பது மன்னிக்கத்தக்கது. மன்னிப்பு, தயவு என்று பொருள்படும் 'வேனியா'விலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் 'ஐ' எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தை நான் பார்க்காததால், விரத நாளில் ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டதற்கும் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசியதற்கும் வருத்தப்பட்ட கிழவி, தமிழில் தன்னை விற்றுப் பிழைத்தவளாக ஆகிவிட்டாள். கற்பனைப் பாத்திரம்தான், மானநஷ்ட வழக்குப் போட முடியாது. ஆனாலும் கதையைப் படித்தவர்கள் மனதில் அவள் மேல் ஒரு கறையை நான்தான் பூசினேன்.

அன்றிலிருந்து முகம் ஒத்த சொற்கள் மீது எனக்கு ஒரு பயம் வந்தது. பயத்தோடு ஒரு மோகமும். ஒரே ஜாடையில் இருக்கிற இரண்டு சொற்களைப் பார்த்தால், இவர்கள் அக்கா தங்கையா, இல்லை பஸ்ஸில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களா என்று விசாரிக்காமல் இருக்க முடிவதில்லை. இந்தக் கட்டுரை அந்த விசாரணையைப் பற்றியது. அந்த விசாரணையே செய்யாமல் உறவு கொண்டாடும் நம் பழக்கத்தைப் பற்றியதும்தான்.

2

முதலில் ஆங்கிலேயர்கள் தங்கள் வீட்டிலேயே செய்துகொண்ட குழப்பத்தைப் பார்ப்போம். 'ஐலண்ட்' என்ற சொல்லை எழுதும்போது நடுவில் ஓர் 'எஸ்' போடுகிறோம். உச்சரிப்பதில்லை. பள்ளியில் இதை 'சைலன்ட் லெட்டர்' என்று சொல்லி ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்யவைத்தார்கள். அந்த எஸ் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ்ஸே கிடையாது. நீரோடு தொடர்புள்ள ஒரு வேர்ச்சொல்லும் நிலம் என்பதற்கான 'லாண்ட்'டும் சேர்ந்து உருவான ஜெர்மானியச் சொல் அது. இடைக்காலத்தில் எஸ் இல்லாமல்தான் எழுதினார்கள். இன்னொரு பக்கம் பிரெஞ்சிலிருந்து 'ஐல்' வந்து சேர்ந்தது. தீவு என்றுதான் அதற்கும் பொருள். அதன் தாய் லத்தீன் 'இன்சுலா'. இன்சுலாவில் எஸ் உண்டு. எனவே அந்த ஐலுக்கு எஸ் வைத்து எழுத ஒரு நியாயம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் படித்தவர்கள் பார்த்தார்கள். ஐல், ஐலண்ட், இரண்டும் தீவு, ஒலியும் ஒட்டுகிறது, அப்படியென்றால் ஒரே குடும்பம்தானே? ஐலண்டுக்கும் ஓர் எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். இல்லாத லத்தீன் தாத்தாவைச் சாதிச் சான்றிதழில் எழுதிக்கொண்டதுபோல.

கதை இதோடு முடியவில்லை. தேவாலயத்தில் இருக்கை வரிசைகளின் பக்கவாட்டில், விமானத்தில் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கிற நடைபாதைக்கும் 'ஐல்' என்றுதான் பெயர். அதன் தாய் 'ஆலா', லத்தீனில் சிறகு. கட்டடத்தின் சிறகு. பிரெஞ்சு வழியாக வந்தபோது அதிலும் எஸ் இல்லை. தீவு ஐலோடு குழம்பி அதற்கும் எஸ் வந்து ஒட்டிக்கொண்டது. பிற்பாடு முன்னால் ஓர் 'ஏ'யும் சேர்ந்தது. 1755-இல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இந்த எழுத்துமுறை தவறாக இருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டுக் குறிப்பு எழுதினார். யார் கேட்டார்கள்? எஸ் அப்படியே இருக்கிறது.

ஆக மூன்று சொற்கள், மூன்று வேறு வேறு தாய்கள், ஒரே இடத்தில் ஒரே ஊமை எழுத்து. அந்த எழுத்துக்கு உண்மையான உரிமை ஒன்றுக்கு மட்டும். தமிழில் எழுதினால் தீவும் நடைபாதையும் 'ஐல்' என்று ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. ஆங்கில ஸ்பெல்லிங்கைத் திட்டுகிற நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊமை எழுத்துகளில் பழைய உண்மைகள் படிந்திருப்பதுபோலவே பழைய தவறுகளும் படிந்திருக்கின்றன. எது எதுவென்று பார்வையால் சொல்ல முடியாது. ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டினால்தான் தெரியும்.

3

இந்த மாதிரிக் குழப்பங்களுக்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்'. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் பேச்சில் கலந்த சொற்களின் அகராதி. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல் வங்காளப் படையின் பொறியாளராக இருந்தவர். ஏ. சி. பர்னல் சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்தியவர். பர்னல் 1882-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். யூல்தான் வேலையை முடித்தார்.

அந்தத் தலைப்பே நம் விஷயத்துக்கு ஒரு பாடம். மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழுந்த துக்கக் குரலை ஆங்கிலச் சிப்பாய்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைப்போலக் காதில் வாங்கி 'ஹாப்சன் ஜாப்சன்' ஆக்கினார்கள். ஒரு சமூகத்தின் அழுகை இன்னொரு சமூகத்தின் காதில் கோமாளிப் பெயராகிவிட்டது. அந்தத் தலைப்பில் ஓர் எகத்தாளம் இருக்கத்தான் செய்கிறது, அதை மன்னிக்கத் தேவையில்லை. ஆனால் உள்ளே போனால் இந்த நூல், சொல் எப்படி வேஷம் மாறுகிறது என்பதை ஆதாரத்தோடு காட்டுகிற அபாரமான வாசிப்பு. ஒவ்வொரு பதிவின் கீழும் பழைய பயணிகள், வியாபாரிகள், அதிகாரிகளின் எழுத்திலிருந்து ஆண்டு வரிசைப்படி மேற்கோள்கள். சொல்லின் பூர்வீகத்தைச் சாட்சிகளை வரிசையாக நிறுத்தி விசாரிக்கிற நீதிமன்றம் மாதிரி இருக்கும்.

சில வழக்குகளைப் பாருங்கள்.

காம்பவுண்டு. வேதியியல் வகுப்பில் படித்த காம்பவுண்டு லத்தீன் வழி வந்தது, சேர்த்து வைத்தது என்று பொருள். வீட்டைச் சுற்றி இருக்கிற காம்பவுண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது பெரும்பாலும் மலாய் மொழியின் 'கம்போங்'. குடியிருப்பு, கிராமம். மலேசியத் தமிழர்கள் இன்றும் 'கம்பம்' என்று சொல்வது அந்தச் சொல்லைத்தான். ஆங்கிலேயன் காதில் கம்போங், தனக்கு ஏற்கெனவே தெரிந்த காம்பவுண்டாக விழுந்தது. நாம் அதை வாங்கி 'காம்பவுண்டு சுவர்' கட்டினோம்.

குடோன் இன்னும் ருசியான வழக்கு. நம் 'கிடங்கு', தெலுங்கின் 'கிடங்கி', இவை கடல் தாண்டி மலாயில் 'குடாங்' ஆயின. ஆங்கிலேயன் அதை 'கோ டவுன்' என்று கேட்டான். கீழே போ என்று இரண்டு சுத்தமான ஆங்கிலச் சொற்கள். படியிறங்கிப் போகிற நிலவறைதான் ஞாபகத்துக்கு வரும், பொருளும் பொருந்துகிற மாதிரியே இருக்கும். நாம் என்ன செய்தோம்? அது ஆங்கிலச் சொல் என்று நம்பி, 'குடோன்' என்று திருப்பி வாங்கிக்கொண்டோம். தூய தமிழ் ஆர்வலர்கள் 'குடோன் வேண்டாம், கிடங்கு என்று எழுதுங்கள்' என்கிறார்கள். சரிதான். வெளியூர் போய் வேஷம் மாறி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு, ஊரிலேயே இருந்த பிள்ளையைக் கூப்பிடுகிறோம்.

மூன்றாவது வழக்கு கேஷ். நமக்கு இதுதான் முக்கியம்.

4

'கேஷ் என்பது நம்ம காசிலிருந்து வந்தது' என்று கேள்விப்படாத தமிழர் இருக்க முடியாது. வாட்ஸப்பில் சுற்றும், பட்டிமன்றத்தில் கைத்தட்டல் வாங்கும். இதைக் கேட்டதும் இரண்டு வகையான ஆட்கள் கிளம்புவார்கள். ஒருவர் நெஞ்சு நிமிர்த்துவார். இன்னொருவர் 'எல்லாம் கப்ஸா' என்று சிரிப்பார். இரண்டு பேருமே பாதி தவறு.

ஆங்கிலத்தில் கேஷ் என்ற எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, கையில் இருக்கிற ரொக்கம். அது பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு 'கேஸ்', இத்தாலிய 'காஸா' வழி வந்தது. மூலம் லத்தீன் 'காப்ஸா'. பணம் வைக்கிற பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கிற பணத்துக்கு ஆகிவந்தது. நம் கடைகளில் 'கல்லா' என்று பெட்டியையும் சொல்கிறோம், 'இன்னைக்கு கல்லா எவ்வளவு?' என்று பணத்தையும் கேட்கிறோம் அல்லவா, அதேதான். ஏடிஎம்மில் எடுக்கிற கேஷ் இந்தக் கேஷ். இதற்கும் காசுக்கும் உறவில்லை.

இன்னொரு கேஷ், இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்னச் செப்புக் காசின் பெயர். இது தமிழ்க் காசுதான். போர்த்துகீசியர்கள் காசை 'கைஷா' ஆக்கினார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிக் கேஷ் ஆக்கினார்கள். ஹாப்சன்-ஜாப்சன் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. காசையே வடமொழிக் 'கர்ஷ'த்தோடு அது இணைத்துப் பேசுவது வேறு வாதம், அதை இங்கே திறக்கவில்லை. சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்று கணக்கு. சென்னைக்காக பர்மிங்காமில் அடிக்கப்பட்ட 10 கேஷ், 20 கேஷ் நாணயங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட அந்த நாணயங்களை இன்றும் சேகரிப்பாளர்கள் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அதில் பொறித்திருக்கிற கேஷ் என்ற சொல், சத்தியமாக நம் காசு.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. போர்த்துகீசிய மொழியில் கைஷா என்றாலே பெட்டி. அதே லத்தீன் காப்ஸாவின் மகள். அதாவது போர்த்துகீசியன் காசு என்று கேட்டபோதே அவன் காதில் அது தன் வீட்டுப் பெட்டியாக விழுந்திருக்கிறது. உறவே இல்லாத இரண்டு சொற்கள் லிஸ்பன் மாலுமி ஒருவனின் வாயில் முதன்முறையாக ஒன்றுபோல ஆகின. பிறகு ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே ஆகிவிட்டன. இந்தக் கதை 'கேஷ் தமிழ்ச் சொல்' என்ற ஒற்றைவரிப் பெருமையைவிட எவ்வளவு பெரியது! அந்த ஒற்றைவரி இந்த முழுக் கதையையும் நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. என் கோபம் அதனால்தான்.

5

இன்னொரு தமிழ்ச் சொல்லும் இதே மாதிரி ஜாடைக்காரன் ஒருவனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. 'கறி ஃபேவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. ஒருவரிடம் குழைந்து காரியம் சாதிப்பது. நாம் 'காக்கா பிடிக்கிறது' என்போம். இந்தக் கறி நம் கறி இல்லை. சங்கப் பாடல்களில் மிளகைக் குறித்து, பிறகு குழம்புக்கும் கூட்டுக்கும் இறைச்சிக்கும் பரவி, ஆங்கிலத்துக்குக் கப்பலேறிய நம் கறி தனி. இந்தக் கறி, பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினைச்சொல். குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது.

சரி, குதிரையைத் தேய்ப்பதற்கும் குழைவதற்கும் என்ன சம்பந்தம்? பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட ஓர் அங்கதக் காவியத்தில் ஃபோவெல் என்று ஒரு குதிரை வருகிறது. வஞ்சகத்தின் உருவம். அரசர்களிலிருந்து மதத் தலைவர்கள்வரை வரிசையில் நின்று அதைத் தடவிக்கொடுக்கிறார்கள். ஃபோவெலைத் தேய்ப்பது என்றால் அயோக்கியனுக்கு அடிவருடுவது. ஆங்கிலத்துக்கு வந்தபோது 'கறி ஃபேவல்' என்றுதான் வந்தது. காலப்போக்கில் குதிரையை மறந்தார்கள். ஃபேவல் யாரென்று தெரியவில்லை, ஆனால் தயவு என்று பொருள்படும் 'ஃபேவர்' பக்கத்திலேயே இருந்தது, பொருளும் கச்சிதமாகப் பொருந்தியது. குதிரை போய்த் தயவு வந்துவிட்டது.

காக்கா பிடிப்பதற்கும் நம்மிடம் ஒரு விளக்கம் உண்டு. 'கால் கை பிடித்தல்' மருவிக் காக்கா பிடித்தல் ஆனது என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஃபேவல் ஃபேவரானதற்கு இரண்டு வடிவங்களும் எழுதப்பட்ட ஏடுகள் இருக்கின்றன, எந்த நூற்றாண்டில் எது என்று வரிசைப்படுத்தலாம். நம் காக்காவுக்கு அப்படியோர் ஏட்டை விளக்கம் சொல்பவர் யாரும் என்னிடம் காட்டியதில்லை. விளக்கத்தின் அழகையே ஆதாரமாக நீட்டுகிறார்கள். அழகாகப் பொருந்துகிறது என்பதே சந்தேகப்பட வேண்டிய காரணம் என்பதுதான் 'கோ டவுன்' நமக்குச் சொன்ன பாடம்.

6

'சரிங்க, ஒருத்தர் தன் மொழியைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது.

எட்டு என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் 'எய்ட்'. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஆனால் ஆங்கில எய்ட்டின் பழைய வடிவத்தில் நடுவில் ஒரு காற்றொலி உண்டு. இன்று எழுதுகிற, உச்சரிக்காத 'ஜி-எச்' அதன் மிச்சம். ஜெர்மனின் 'ஆக்ட்', லத்தீனின் 'ஆக்டோ', வடமொழியின் 'அஷ்ட', எல்லாம் அதன் உடன்பிறப்புகள். நம் எட்டு அப்படியல்ல. எண்பது, எண்ணூறு, எண்சாண் உடம்பு, எண்திசை. அதன் வேர் 'எண்'. டகரம் பின்னால் வந்து ஒட்டியது. இரண்டு சொற்களும் இரண்டு வேறு பாதைகளில் நடந்து வந்து தற்செயலாக ஒரே முச்சந்தியில் நிற்கின்றன.

இதற்கு நேர்மாறான உதாரணம் சக்கரம். இது வடமொழி வழி வந்த சொல் என்பது தெரியும். ஆங்கிலத்தின் 'வீல்' அதன் சொந்தத் தங்கை. முகத்தில் ஒரு ஒற்றுமையும் இல்லை. கிரேக்கம் வழி வந்த 'சைக்கிள்' இன்னொரு தங்கை. 'சைக்கிள் வீல்' என்று சொல்லும்போது ஒரே சொல்லை இரண்டு முறை சொல்கிறோம். உறவு இருக்கிறதென்று எப்படித் தெரியும்? ஜாடையால் இல்லை, ஒழுங்கால். லத்தீன் 'க்வோட்' இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் 'வாட்', வடமொழிக் 'க' இருக்கிற இடத்தில் ஆங்கில 'ஹூ' என்று, ஒரு மொழியின் ககரம் நிற்கும் இடத்தில் இன்னொரு மொழியின் ஹகர, வகர ஒலி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. ஒரு சொல் ஒத்துப்போவது சாட்சி ஆகாது, நூறு சொற்கள் ஒரே விதிப்படி வேறுபடுவதுதான் சாட்சி.

இந்த முறையை நாம் ஏன் கைவிடக் கூடாது? 1816-இல் சென்னையின் கலெக்டராக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று ஆதாரத்தோடு எழுதினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1856-இல், கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தில் அதை விரித்தார். இருவர் கையிலும் இருந்த கருவி, சொற்களின் வேரை ஒழுங்காக ஒப்பிடுவதுதான். கண்ணுக்குத் தெரிகிற ஒற்றுமையே போதும் என்றால், 'எட்டு அஷ்டத்திலிருந்து வந்தது, பிராகிருதத்தில் அட்ட என்றே இருக்கிறது பாருங்கள்' என்று ஒருவர் சொல்லும்போது என்ன பதில் சொல்வோம்? அவரை நிறுத்துவது எண்பதும் எண்ணூறும்தான். எய்ட்டை நம் எட்டின் பிள்ளையாக்குவதற்காக அந்த ஆதாரத்தை நாமே கிழித்துப் போட்டால், அடுத்தவன் எட்டையே எடுத்துக்கொண்டு போகும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது.

தேவநேயப் பாவாணரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தமிழ்ச் சொற்களைத் தமிழுக்குள்ளேயே வேர்வேராகப் பின்தொடர்வதில் அவருக்கு இருந்த உழைப்பும் காதும் இன்று நமக்கு இல்லை. 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அவர் இருந்தது பொருத்தமானதுதான். ஆனால் உலகச் செம்மொழிகளில் முதன்மையானது தமிழ் என்று 1966-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில், அந்தக் காது முடிவை முன்பே எழுதி வைத்துக்கொண்டு கேட்கிறது என்பதே என் வாசிப்பு. வீட்டுக்குள் வேர் தேடும்போது இருக்கிற கண்டிப்பு, வாசலைத் தாண்டியதும் தளர்ந்துவிடுகிறது. அவருடைய கண்டிப்பை விட்டுவிட்டு அந்தத் தளர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் இன்றைய மீம்காரர்கள். அவர்களால் நிஜமாகவே ஆங்கிலத்துக்குப் போன கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் 'இதுவும் அந்த லிஸ்ட்ல ஒண்ணு' என்று சந்தேகப்படப்படுகின்றன.

7

ஜாடையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது என்பதற்கு ஒரு ஜோடியைச் சொல்லி முடிக்கிறேன். 'மெரிட்' தெரியும். தகுதி. மெரிட் சீட். 'மெரட்ரிஷஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. மேற்பூச்சால் பளபளத்து மயக்குவது. மதிப்புரைகளில் ஓர் எழுத்தாளரைக் கொல்ல வேண்டுமென்றால் பயன்படுத்துவார்கள். எதிரெதிர்ப் பொருள்கள், ஜாடை மட்டும் ஒன்று. வீனல்-வீனியல் போல இதுவும் தற்செயல் என்றுதான் நினைத்தேன். இல்லை. இரண்டுமே லத்தீனில் சம்பாதிப்பது என்று பொருள்படும் 'மெரேரே'யின் பிள்ளைகள். சம்பாதித்த தகுதி மெரிட். சம்பாதிக்கிற பெண் 'மெரட்ரிக்ஸ்', ரோமில் விலைமகளுக்குப் பெயர். அவள் பெயரிலிருந்து வந்ததுதான் போலிப் பளபளப்பைச் சொல்கிற வசைச்சொல். ஒரே உழைப்பு, ஒருத்தருக்குத் தகுதி, இன்னொருத்திக்கு வசை. இதைக் கண்டுபிடிக்க அகராதியில் ஒரு பக்கம் தாண்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு பக்கத்தில் ரோம் நகரத்தின் ஒரு தெருவே இருக்கிறது.

எந்த ஜாடை உறவு, எந்த ஜாடை தற்செயல் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற தைரியம் எனக்கு இப்போது இல்லை. அந்த வாசகிக்கு அன்றே பதில் எழுதினேன். இதழுக்கும் எழுதினேன், இணையப் பக்கத்தில் வரியைத் திருத்திவிட்டார்கள். அச்சுப் பிரதிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. போன வருடம் மொழிபெயர்ப்புகளைத் தொகுப்பாகக் கொண்டுவர ஒரு நண்பர் கேட்டபோது, அந்தக் கதையை மறுபடி முதலிலிருந்து செய்தேன். பாட்டி இப்போது அற்பப் பாவங்களைத்தான் சொல்கிறாள். இந்த முறை, எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்த சொற்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அகராதியில் பார்த்தேன். நாற்பத்து மூன்று சொற்கள். அதில் ஆறு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.